குளிர்ந்த முள்

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாக ஒரு செத்துப்போன முள்ளைக் காட்டி ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு பழைய கார் இருப்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். என்னைவிட ஏழு வயது மூத்தது. என்னைவிடக் கொஞ்சம் குறைவாக இருமும். அதன் டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. இடது ஓரம் குளிர்ச்சி, வலது ஓரம் கொதிப்பு. ஆறு மாதம் முன்பு, அந்த மீட்டருக்குத் தகவல் அனுப்பும் சென்சாரின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. நானே சரிசெய்தேன். அன்றிலிருந்து முள் இடது ஓரத்தில் நிஷ்டையில் உட்கார்ந்துவிட்டது.

மே மாத வெயில். எண்ணூர் நெடுஞ்சாலை. முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரிகள். முள் அசையவில்லை! அந்தக் காலத்துத் தயாரிப்பு என்றால் சும்மாவா என்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்த எல்லோரிடமும் சொன்னேன். ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். சூடே ஆகாத வண்டிக்குத் தண்ணீர் எதற்கு?

பக்கத்து வீட்டு ஜெரோம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவன் மகள் ஸ்டெல்லாவுக்கு ராயபுரம் சர்ச்சில் கல்யாணம். திருவொற்றியூரிலிருந்து மணப்பெண் என் காரில்தான் போக வேண்டும் என்பது அவள் ஆசை. மூன்று நாள் முன்னால் ஜெரோமை ஏற்றிக்கொண்டு ஒத்திகை போனேன். காலடிப்பேட்டை தாண்டியதும் பானட்டிலிருந்து புகை.

“இன்னா மாமு... முள்ளு தூங்கிகினுகீது, பானட்டு பொங்கல் வெச்சிகினுகீது?”

நான் புகையைப் பார்த்தேன். முள்ளைப் பார்த்தேன். முள் குளிர்ச்சி என்றது. உங்களிடம் மறைப்பானேன்... ஒரு விநாடி முள்ளைத்தான் நம்பினேன்.

ஜெரோம் இறங்கி நின்று தீர்ப்புச் சொன்னான். “முள்ளு வேலை செஞ்சாத்தான் எம் பொண்ணு இதுல ஏறும். இல்லாங்காட்டி கால் டாக்சி. பூ வெச்ச வண்டி டோல்கேட்டாண்ட பொகஞ்சிகினு நின்னா, சம்பந்தி வூட்ல இன்னா சொல்லுவாங்க?”

தண்ணீர் ஊற்றி, காசிமேட்டுக்கு ஊர்ந்தோம். அங்கே கன்னியப்பன் இருக்கிறார். மீன்பிடி போட்டுகளின் என்ஜின் பார்ப்பவர். தரையில் ஓடும் எதன்மீதும் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது.

“நடுக்கடல்ல நின்னா நீஞ்சணும். இது நின்னா எறங்கி நடந்து போ நைனா, இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சிக்கிற?” என்றபடி சென்சாரைக் கழற்றினார். அதன் உடம்பிலிருந்து காரின் உடம்புக்கு ஒரு வயரைச் சுற்றினார். பிறகு பக்கத்து டீக்கடையில் கொதிக்கிற வெந்நீரை ஒரு டம்ளரில் பிடித்துவரச் சொன்னார்.

டீக்கடைக்காரர் கடையிலிருந்து கத்தினார். “கன்னிப்பா, அந்த டம்ளர நீயே வெச்சிக்கோ. திருப்பிக் குடுத்துராத!”

சென்சார் வெந்நீரில் இறங்கியது. ஆறு மாத நிஷ்டை கலைந்து, முள் மெதுவாக வலப்பக்கம் எழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“மீட்டரும் நல்லாகீது, சென்சாரும் நல்லாகீது,” என்ற கன்னியப்பன், சென்சாரின் திருகு மறையிலிருந்து எதையோ உரித்தார். குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப். “இந்த மறை என்ஜினத் தொட்டாத்தான் கரண்டு போவும், முள்ளு எந்திரிக்கும். எந்தக் கஸ்மாலமோ பாத்ரூம் பைப்புன்னு நெனச்சி நாலு சுத்து சுத்திக்கீது. எவன் சார் அவன்?”

நாலு அல்ல, ஏழு சுற்று. நானே எண்ணிச் சுற்றியது.

“யாரோ ஒரு மெக்கானிக்,” என்றேன். அதோடு நிறுத்தினேனா? “அரைகுறைங்க...” என்று சேர்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக் குளியலறைக் குழாய்க்கு அதே டேப்பைச் சுற்றியபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவன் ஜெரோம். அவன் கடலைப் பார்த்தபடி சொன்னான்: “அந்த மெக்கானிக்கு வூடு எனக்குத் தெரியும் கன்னிப்பா. எங்க வூட்டுக்குப் பக்கத்து வூடுதான்.”

கன்னியப்பன் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு செம்பு வாஷரைப் போட்டு சென்சாரை முடுக்கினார். அதன்பின் ‘சார்’ என்று அவர் சொல்லவே இல்லை.

யோசித்தால், இதில் என் தப்பு மட்டும்தானா? ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து காபியில் சர்க்கரையை நிறுத்துகிறவர்கள்தானே நாம்? எங்கள் குடியிருப்பில் புகார்ப் பெட்டிக்குப் பூட்டு உண்டு, சாவி கிடையாது. ஆகவே புகாரே இல்லாத குடியிருப்பு. கொதிப்பைக் குறைப்பது கஷ்டம். முள்ளைப் படுக்கவைக்க ஏழு சுற்று டேப் போதும்.

ஆனால், வேலை செய்கிற முள் நிம்மதி தரும் என்று யார் சொன்னது? கல்யாணத்தன்று மாலை, வெள்ளைப் புடவையில் ஸ்டெல்லா பின்சீட்டில். பக்கத்தில் ஜெரோம், புது கோட்டில் வியர்த்தபடி. தேரடியில் முள் பாதி. காலடிப்பேட்டையில் பாதிக்குமேல். டோல்கேட்டில் கன்டெய்னர் வரிசை... முக்கால்! எனக்குத் தெரிந்த எல்லா மதத்துக் கடவுள்களையும் கூப்பிட்டேன். பின்னாலிருந்து ஸ்டெல்லா இரண்டு முறை ஏதோ கத்தினாள். கல்யாணப் பதற்றம், பாவம். வரிசை நகர்ந்தது, காற்று வந்தது, முள் இறங்கியது. மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே சர்ச் வாசலில் நின்றோம்.

பூசை முடிந்து, படியருகே நின்று வாழ்த்துகளை ஏற்றுக்கொண்டிருந்தேன். மணமக்களுக்கல்ல, காருக்கு வந்த வாழ்த்துகளை. ஸ்டெல்லா மாலையோடு நேரே என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அங்கிள், திரும்பிப் போறப்போ அந்த முள்ள எங்க வூட்டுக்காரு பாத்துக்குவாரு. நீங்க ரோட்டப் பாருங்க.”