மாமியார் போட்ட மார்க்

1991-இல் ஒரகடம் பக்கத்தில் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. ஊர் ஊராகப் போய், மனசு சரியில்லாதவர்களிடம் பத்துக் கேள்வி கேட்டு முப்பதுக்கு மார்க் போட வேண்டும். மார்க் ஏறினால் துக்கம் ஏறியதாக அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு. குடை பிடித்து நடந்ததால் ஊரே என்னை டீச்சராக்கியிருந்தது.

வல்லம் பக்கம் ஒரு பெண். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு யாரோடும் பேசுவதில்லை, சோற்றைக் கருகவிடுகிறாள் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நான் போனதும் மாமியார் எங்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தூக்கம் வருதாக்கா?"

"அவளுக்கா? இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டா."

"அழுகை வருதா?"

"இன்னாத்துக்கு அழணும்? இங்க இன்னா குறைச்சலு?"

மொத்தம் நாலு மார்க். உலகத்திலேயே சந்தோஷமான பெண்.

மூன்று மாதம் போய்ப் போய்ப் பேசினேன். ஒருநாள் பம்புசெட்டில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அதே கேள்விகளைக் கேட்டேன். துவைப்பதை நிறுத்தாமலே அழுதாள். "செத்துடலாம்னு கீது டீச்சர்" என்றாள். கையிலிருந்த துணியை வாங்கி வைத்துவிட்டு, இருட்டும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன். மார்க் பத்தொன்பது.

எங்கள் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலா இருந்தவளைப் பேசிப் பேசியே பத்தொன்பது ஆக்கிட்டியேம்மா!"

வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து வரும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முதல்ல போட்டது மாமியார் மார்க். இவளோட கணக்கு இப்பத்தான் ஆரம்பிக்குது." அன்றைக்கே அவளை வரவழைத்து மாத்திரை கொடுத்தார்.

அடுத்த முறை பதினாறு. நான் குதித்தேன்.

"மூணு மார்க்குக்கெல்லாம் பாயசம் வைக்காத. திங்கக்கிழமை ஒண்ணு சொல்லுவா, வியாழக்கிழமை ஒண்ணு சொல்லுவா. தலைவலி வந்தாக்கூட அவ்வளவு ஆடும்" என்றார் டாக்டரம்மா.

சில மாதம் கழித்து ஒன்பது வந்தது. இந்தத் தடவை நான் குதிக்கவில்லை. அடுத்த வாரம் போய் மறுபடியும் கேட்டேன். பத்து. அப்படியே நின்றது.

"மார்க்கு கெடக்கட்டும், ஆளு எப்படி?" என்றார் டாக்டரம்மா.

சொன்னேன். மாமியார் கருகின சோற்றைப் பற்றி மறுபடி ஆரம்பித்திருக்கிறார். இவள், "அப்போ நீயே ஆக்கித் துன்னு" என்று கரண்டியைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் ஆளுக்கொரு பலூனோடு திரும்பியிருக்கிறாள்.

டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். "இப்ப வை பாயசம்."

இரண்டு வாரம் கழித்து, டாக்டரம்மா வந்திருந்த நாளில், மாமியாரே ஆபீசுக்கு வந்து நின்றார். நன்றாகத் திட்டப்போகிறார் என்று மேனேஜர் உள்ளே நழுவினார்.

"அவளையே கேட்டுகினு கீறீங்களே, என்னை ஒருத்தராவது கேட்டீங்களா? என் வூட்டுக்காரரு போனதுலேர்ந்து எனக்குந்தான் தூக்கமில்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கேட்டேன். இருபத்திரண்டு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவருக்கும் மாத்திரை எழுதினார். அதற்குப் பிறகு மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.