மூன்றாவது அடுக்கு வேகும்போது

மனைவி செல்வியின் பிறந்தநாளுக்கு நானே மூன்றடுக்குச் சாக்லேட் கேக் செய்வதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். வெந்நீரையே அடிப்பிடிக்க வைப்பவன் நான்.

கொல்லிமலையில் அன்று அடைமழை. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. மூடிய பாத்திரத்துக்கு மேலும் கீழும் கரிக்கங்கு போட்டு ஒவ்வோர் அடுக்காக வேகவைத்தேன். குளிர்காற்று பட்டால் கேக் அமுங்கிவிடும் என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுகச் சாத்தினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கிரீம் அடித்துக்கொண்டிருந்த செல்வி, "ஏனுங்க, தலை சுத்துதுங்க" என்றாள்.

"இன்னும் ஒரு வாய்கூடத் திங்கல, அதுக்குள்ள கிறக்கமா?" என்று சிரித்தேன்.

மூன்றாவது அடுக்கு வேகும்போது அவள் கிரீம் பாத்திரத்தின் மேலேயே சாய்ந்தாள். எழுந்த எனக்கும் கால் நிற்கவில்லை. எப்படியோ கதவைத் திறந்து, அவளை மழையில் இழுத்துப் போட்டேன்.

"கரியோட நச்சுவாயுங்க. வாசமே தெரியாது. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா ரெண்டு பேருமே இல்லீங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

இப்போது வீட்டுக்குள் கரி மூட்டுவதில்லை. செல்வி தலை வலிக்கிறது என்றால், வாய்வரை வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டு முதலில் கதவைத் திறக்கிறேன். "குளுருதுங்க, சாத்துங்க!" என்று அவள் திட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.