நாலு நாள் ஊறிய சுண்ணாம்பு

யுத்தம் முடிந்ததும் கடலூர்த் துறைமுகப் பக்கம் பட்டாளத்தார் போட்டிருந்த கான்கிரீட் தளங்களை உடைத்தார்கள். சிமெண்ட் கிடைக்காத காலம். என் மனைவியின் அண்ணன் அந்த உடைசலை வண்டி வண்டியாக ஏற்றி வந்து, அரிசி ஆலைக் கொதிகலன்களின் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து கட்டடக் கல் அறுத்தார். நான் அங்கே கணக்குப்பிள்ளை. மூன்று கூடை உடைசல், இரண்டு கூடை சாம்பல், ஒரு கூடை சுண்ணாம்பு. எண்ணுவது என் வேலை. வேலை இல்லாதபோதும் எண்ணுவேன். இந்த வயதிலும் விடவில்லை.

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி ஏழு நாள் ஊறவிட வேண்டும். இல்லாவிட்டால் நீறாத கட்டிகள் பிறகு கல்லுக்குள்ளேயே ஊதி அதை வெடிக்க வைக்கும். புதுச் சுவருக்குக் கல் கேட்டிருந்த காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலைக்காரர் அவசரப்படுத்தினார். நாலாம் நாளே மச்சான் தொட்டியைத் திறக்கச் சொன்னார்.

சுண்ணாம்பு கலக்கும் செம்மங்குப்பத்து ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இன்னும் கொதிக்குது மொதலாளி. மூணு நாள் போவட்டும்."

"மொதலாளி நானா, நீயா? அள்ளுடா."

நான் பக்கத்திலேயே இருந்தேன். கூடைகளை எண்ணினேன்.

அந்தக் கல்லால் எழுப்பிய ஆலைச் சுவர் அடைமழையில் வெடித்துச் சரிந்து, ஆலைக்காரரின் தம்பிக்கு இரண்டு காலும் நசுங்கின. மறுநாள் காலை ஆலைக்காரர் ஆறு ஆட்களோடு வந்தார். ஆறு பேர் கையிலும் தடி.

மச்சான் உடனே கலக்கும் ஆளைக் காட்டினார். "இவன்தாங்க. பதம் பாக்காம அள்ளிட்டான்."

முதல் அடி முதுகில். மூன்றாவதில் காது கிழிந்தது. ஆறாவதில் பல் தெறித்தது, இரண்டு. ஒன்பதாவது அடியில் குப்புற விழுந்தவனை மயிரைப் பிடித்து இழுத்துப்போய், அன்று காலைதான் தண்ணீர் விட்ட தொட்டிக்கு மேலே முகத்தை அழுத்தினார்கள். சுண்ணாம்பு புகைந்து கொதித்தது.

"எத்தினி நாள் ஊறுச்சின்னு கணக்குப்புள்ளைய கேளுங்க!" என்று அலறினான். "கண்ணு போயிடும், கேளுங்கய்யா!"

"நாலு," என்றேன். "தொறக்கச் சொன்னது மச்சான்."

அவனை விட்டுவிட்டு ஆறு பேரும் திரும்பினார்கள். மச்சானின் வலது முழங்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிவந்த என் மனைவி அண்ணன்மேல் விழுந்து மறைத்துக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

நான் ஒரு சொம்புத் தண்ணீரோடு கலக்கும் ஆளிடம் போனேன். அவன் வாங்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.

"மொத அடியிலயே சொல்லியிருக்கலாம்ல? ஒம்போது வரைக்கும் எண்ணிக்கினு நின்னீங்களா?"