சதுர்த்தி நிலாவும் அத்தையின் பைனாகுலரும்

சதுர்த்தி நிலாவைப் பார்த்ததால்தான் அத்தைக்கு அந்தப் பழி வந்ததா? அலமாரியில் அவளுடைய பைனாகுலரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

அது கப்பல்காரர் ஒருவர் என் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அப்பாவின் தங்கையான அத்தைதான் அதைச் சொந்தமாக்கிக்கொண்டாள். மட்டாஞ்சேரியில் எங்கள் மாடியில் நின்று, மிளகுக் கிடங்குகளின் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே, மழை விட்ட அந்திகளில் கிரகங்களைத் தேடுவாள். அன்று விநாயக சதுர்த்தி. நிலாவைப் பார்த்தால் வீண்பழி வரும் என்று அம்மா மேற்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். அத்தை தேடியதோ வியாழனை. அதை ஒட்டிப் பொட்டுப் பொட்டாகத் தெரியும் நிலவுகளை எனக்குக் காட்ட ஆசைப்பட்டாள். மேகம் விலகியது. வியாழனுக்குப் பக்கத்திலேயே பிறை.

"ஐயோ, பாத்துட்டேனேடி!"

யாரிடமாவது வசவு வாங்கிவிட்டால் பழி அதோடு கழிந்துவிடும் என்பார்கள் எங்கள் தெருவில். அத்தை அடுத்த வீட்டுக் கொங்கணி மாமியின் ஓட்டில் கல் எறிந்தாள். மாமி முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மாமி, என்னை நன்னா நாலு வார்த்தை வையுங்கோ!"

"நல்ல நாளும் அதுவுமா உன்னை வையறதா? இறங்கி வா மோளே, மோதகம் தரேன்."

மோதகம் கிடைத்தது. வசவு கிடைக்கவில்லை.

சில நாட்களிலேயே அத்தைக்கு நிச்சயித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த வாலிபனைத்தான் அவள் பைனாகுலரில் பார்க்கிறாள் என்று யாரோ மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மா அழுதாள். அப்பா பைனாகுலரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அத்தை மட்டும் சாவிக்குக் கை நீட்டினாள்.

"பழிதான் வந்தாச்சே அண்ணா, இனிமே எதுக்குப் பயப்படணும்?"

அதற்குப் பிறகு சதுர்த்தி நிலாவைக்கூட ஆற அமர நின்று பார்த்தாள். வேலை கிடைத்து வெளியூர் போகும்போது பைனாகுலரை என்னிடம் தந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சந்தோஷமாக இருப்பதாகத்தான் எழுதுகிறாள்.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. அத்தையைப் போலவே மாடி, மாடி என்று பறக்கிறாள். சதுர்த்தி நெருங்குகிறது; குழந்தையை மாலையில் வெளியே விடாதே என்று மாமியார் இப்போதே சொல்லியாகிவிட்டது. நிலா யாருக்கும் பழி கொண்டுவராது என்று படித்த எனக்குத் தெரியும். ஆனால் மாடியில் நிற்கும் பெண்ணைக் கீழே நின்று கவனிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்களே. பைனாகுலரை எடுத்துத் துடைக்கிறேன். மறுபடியும் உறைக்குள் போட்டுவிடுகிறேன். பெண் குழந்தையை வளர்க்கிற நீங்கள் சொல்லுங்கள்: அன்று மாலை இதை அவள் கையில் கொடுக்கலாமா?