தேவராஜ் மேஸ்திரியும் இடது சக்கரத்துப் போல்ட்டும்

தேவராஜ் மேஸ்திரி இறந்துபோய்விட்டார் என்று டீக்கடையில் சொன்னபோது என் கையில் பாதி டீ இருந்தது. அதைக் குடித்து முடித்தேன். அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். கால் பழக்கத்தில் வாலாஜாபாத் சாலையில் இருக்கும் அவருடைய லாரி ரிப்பேர் ஷெட்டுக்குப் போய்விட்டது. பூட்டியிருந்தது.

நான் நாற்பது வருடம் லாரி ஓட்டியவன். எழுதக் கற்றது இந்த வருடம்தான். மெதுவாகத்தான் எழுதுகிறேன். அவர் பெயரை எழுதி முடித்ததும், என் கைதான் எழுதியது என்று ஒரு சந்தோஷம் வருகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை. அழுகையும் வரவில்லை.

அவரிடம் வண்டி விட்டவர்களுக்கு அவர் கேட்கும் கேள்வி தெரியும்.

"மேஸ்திரி, வண்டி லெப்ட்ல இஸ்குதுபா."

"எப்போ இஸ்குது? சும்மா போறப்பவா, பிரேக் போடறப்பவா?"

"அதெல்லாம் தெரியலபா."

"வீட்டுல திட்டு வாங்கினா மட்டும் எப்போ, எதுக்குன்னு கரெக்டா சொல்றீங்க!"

சும்மா போகும்போதே இழுத்தால் டயர் காற்றையும் ஸ்பிரிங் பட்டையையும் ஆக்சிலையும் பார்ப்பார். பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால், தென்னேரி சாலையில் ஆள் இல்லாத இடத்துக்கு ஓட்டிப்போய் நாலைந்து முறை பிரேக் போடுவார். இறங்கி, இரண்டு முன்சக்கரங்களின் பிரேக் டிரம்களுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோவார். இடதுபக்கம் இழுக்கும் வண்டியில் இடது டிரம் கொதிக்கும். வலது ஆறிக் கிடக்கும். வலதைத்தான் கழற்றுவார்.

"சூடா கீறவன் வேலை செஞ்சிக்கினு வந்தவன். அவன ஏன்பா நோண்டறீங்க? சில்லுன்னு குந்திக்கினு வந்தவன கேளுங்க" என்பார்.

இதை நூறு முறை கேட்டும் நான் நோண்டினேன். ஐந்து வருடம் முன்பு நான் ஓட்டிய வண்டி பிரேக் போட்டால் இடதுபக்கம் போனது. முந்தின வாரம்தான் அவர் ஷெட்டில் வேறு வேலைக்கு நின்று வந்த வண்டி. அன்று அவர் ஊரில் இல்லை. நெல் மூட்டை ஏற்றியாகிவிட்டது. நான் கீழே படுத்து, இடது சக்கரத்தின் பிரேக்கை இறுக்கி வைக்கும் போல்ட்டைத் தளர்த்தினேன். வண்டி நேராகப் போனது. எனக்கு ஒரே பெருமை. திருப்புட்குழி அருகே ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. மாட்டை விட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தேன்; வண்டி சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை.

வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். மேஸ்திரி வலது சக்கரத்தைக் கழற்றினார். கிரீஸைத் தடுக்கும் சீல் போய், பிரேக் லைனிங் முழுக்க கிரீஸ். பிடிக்காத பக்கம் அதுதான்; பிடித்துக்கொண்டிருந்த இடதை நான் தளர்த்தியிருந்தேன். பிறகு இடது பக்கம் குனிந்து போல்ட்டைப் பார்த்தார். கூட வந்திருந்த லாரி முதலாளியும் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எவன்யா இத லூஸ் பண்ணது?"

சொன்னால் வேலை போய்விடும். அறுபத்தைந்து வயதில் வேறு யாரும் லாரி தரமாட்டார்கள். மேஸ்திரி என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் மொதலாளி. போன வாரம் அவசரத்துல டைட் வைக்க மறந்துட்டேன்."

அந்த முதலாளியின் நான்கு லாரிகளும் அதற்குப் பிறகு அந்த ஷெட்டுக்கு வரவில்லை. நான் மட்டும் வேலையில் இருந்தேன்.

முதலாளி போனதும் மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நேரா போச்சின்னு சந்தோசப்பட்டியேண்ணா, நிக்குதான்னு பாத்தியா?"

"நான் போய் உண்மைய சொல்லிடறேன்பா."

"இப்போ சொன்னா ரெண்டு பேரும் பொய்யனுங்க ஆயிடுவோம். உடுண்ணா."

விட்டேன். வேலையை விட்டு நின்ற பிறகாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் விட்டேன். போன மாதம் அவரிடம் என் கையெழுத்தைக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இனிமே எப்போ இஸ்குதுன்னு எழுதியே குடுத்துடுவ" என்று சிரித்தார்.

ஷெட்டிலிருந்து அவர் வீட்டுக்குப் போனேன். பாயில் கிடத்தியிருந்தார்கள். அவர் கைக்குப் பக்கத்தில் என் புறங்கையைக் கொண்டுபோனேன். எதற்கு என்று தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

அந்த முதலாளி மாலையோடு வந்திருந்தார். வாசலில் யாரிடமோ, "நல்ல மனுசன்தான். என் வண்டில மட்டும் ஒருவாட்டி போல்ட்ட டைட் வைக்காம உட்டுட்டாரு" என்றார். மேஸ்திரியின் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது.

பதினாறாம் நாள் ஷெட்டைத் திறக்கிறார்கள். அந்த முதலாளியையும் வரச் சொல்லியிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் நானே இதைப் படிப்பேன். நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இடது சக்கரத்துப் போல்ட்டைத் தளர்த்தியது நான். ஐந்து வருடம் அந்தத் தப்பை அவர் தன் பெயரில் வைத்திருந்தார். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தத் தப்பு ஒன்றைத்தான்.