மணியில் சுற்றிய மஞ்சள் துணி

1. மணி ஊமையானது

"யார் பண்ணின காரியம் இது?" என்று சேஷாத்ரி சார் கேட்டபோது அவர் கையில் ஒரு மஞ்சள் துணி தொங்கியது. மேசை துடைக்கிற துணி. அதைக் கம்ப்யூட்டரோடு இணைந்த டைப்ரைட்டருக்குள்ளிருந்து உருவி எடுத்திருந்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் புரோகிராமர். சேஷாத்ரி சார்தான் மேனேஜர், மயிலாப்பூர்க்காரர். இயந்திரம் ஒரு கூடத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. ஏசி அதற்காகப் போட்டது. அதன் புண்ணியத்தில் எங்களுக்கும் குளிர்ந்தது. ஊரிலுள்ள கம்பெனிகள் தங்கள் வேலையைக் கொண்டுவந்து கொடுக்கும். நாங்கள் புரோகிராம் எழுதுவோம், பஞ்ச் செக்‌ஷனில் அதைக் கார்டில் துளை போட்டுக் கொடுப்பார்கள், ஆபரேட்டர் அந்தக் கார்டுக் கட்டை இயந்திரத்துக்கு ஊட்டுவார்.

திரை கிரை எதுவும் கிடையாது. இயந்திரம் சொல்ல நினைப்பதையெல்லாம் அந்த டைப்ரைட்டரில்தான் அடிக்கும். ஒவ்வொரு வரிக்கும் மணியையும் அடிக்கச் சொல்லிப் புரோகிராம் எழுதுவது எங்கள் வழக்கம், அதனால் ஒரு வரி அடித்ததும் உள்ளே இருக்கிற குட்டி மணி 'டிங்' என்னும். அதற்குத் தெரிந்தது ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டுமே. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். கார்டு படித்தேன், டிங். டேப் சுற்றுகிறது, டிங். அடுத்த கார்டு படித்தேன், டிங். நான் தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்தில் பிறந்தவள். சத்தம் எனக்குத் தாலாட்டு. எனக்கே அந்த மணி பொறுக்காது.

அதன் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர் தனபால். ஆதம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஆபரேட்டர் வேலை, இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை.

"நான்தான் சார் சுத்துனேன்" என்றார். "இன்னா சார் பண்றது? கார்டு படிச்சாலும் அடிக்குது, டேப்பு சுத்துனாலும் அடிக்குது, ஒண்ணியும் ஆவலன்னாலும் அடிச்சிக்கினே கீது. வூட்டுக்குப் போய் படுத்தாலும் காதுல டிங்கு டிங்குன்னுது சார்."

"ஆபத்துன்னா சொல்றதுக்காக வச்ச மணியாச்சேப்பா அது! அதோட வாயிலேயே துணியை அடைச்சுட்டியே!"

அன்றைக்கு ஆபத்து வந்துதான் இருந்தது. தபால் வழியாகப் பாடம் நடத்திய ஒரு நிறுவனத்தின் பரீட்சை முடிவுகளைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். பாதி வேலையில், முடிவுகளைப் பதிகிற காந்த டேப்பில் ஒரு கெட்ட இடம் வந்திருக்கிறது. புரோகிராம் என்ன செய்தது தெரியுமா? 'எழுத முடியவில்லை, அடுத்ததற்குப் போகிறேன்' என்று ஒரு வரி அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. இப்படிப் பல தடவை. கடைசியில் முடிவுகளை அச்சடித்துப் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம். மறுநாள் வெளியாக வேண்டிய ரிசல்ட் தள்ளிப்போனது. அந்த நிறுவனத்து ஆள் வந்து சேஷாத்ரி சாரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கோபத்தில்தான் சார் டைப்ரைட்டரைத் திறந்து பார்த்திருக்கிறார்.

புரோகிராமை எழுதியவர் வேலையை விட்டு எப்போதோ போய்விட்டார். கையில் அகப்பட்டவர் தனபால். அவருக்கு வடபழனி கோயிலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. 'கம்ப்யூட்டர் ஆபீஸ், சீக்கிரம் பெர்மனென்ட் ஆயிடும்' என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு சும்மா இருக்காது. "சார், துணி இல்லாம மணி அடிச்சிருந்தாலும் இவருக்குத் தெரிஞ்சிருக்காது. எல்லாத்துக்கும் ஒரே மணி. எந்த மணிக்கு ஓடறது? புலி வருது புலி வருதுன்னு நாள் முழுக்கக் கத்தினா யாரு சார் எழுந்திருப்பா?" என்றேன்.

சார் துணியை மடித்துத் தன் மேசை டிராயரில் போட்டார். "சரி கோமதி. நீயே அந்த மணிக்குப் புத்தி சொல்லிக் குடு. அடுத்த தடவை இதே ரிசல்ட் வேலை வரும். அது ஒழுங்கா முடிஞ்சா இவனைக் கன்பர்ம் பண்றேன். மறுபடியும் சொதப்பித்துன்னா தப்பு மணி மேல இல்லை, ஆள் மேலதான். அன்னிக்கே இவனை அனுப்பிடுவேன். அப்புறம் நீ வந்து நியாயம் பேசப்படாது."

2. மூன்று எண்கள்

இயந்திரம் என்னென்ன சொல்கிறது என்று உட்கார்ந்து பிரித்தேன். மூன்று வகைதான் தேறியது. 'இது நடந்தது' என்று சும்மா சொல்வது. 'இது சரியில்லை, ஆனாலும் வேலை நடக்கிறது' என்பது. 'இதற்கு மேல் போனால் கெட்டுவிடும்' என்பது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்தேன்.

இதற்கென்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு சப்ரொட்டீன், அதாவது துணைப் புரோகிராம், எழுதினேன். ஒரு சின்னக் கார்டுக் கட்டு. கட்டின் மேல்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் குறுக்காக ஒரு கோடு. கார்டு கலைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இனி யாரும் டைப்ரைட்டரோடு நேராகப் பேசக் கூடாது, தங்கள் புரோகிராமோடு இந்தக் கட்டைச் சேர்த்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையும் அதன் எண்ணையும் அதனிடம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. எண் ஒன்றென்றால் மணி கிடையாது. இயந்திரத்தின் முகப்பில் இருந்த ஒரு ஸ்விட்சை இறக்கிவிட்டால் டைப்பும் ஆகாது. இரண்டென்றால் டைப் ஆகும், மணி கிடையாது. மூன்றென்றால் டைப் ஆகும், மணி அடிக்கும், ஆபரேட்டர் வந்து பட்டனை அழுத்தும்வரை இயந்திரம் நிற்கும்.

தனபாலிடம் காட்டினேன். மூன்றாம் வகையில் ஒன்றைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"டேப்புல எழுத முடியலன்னு சொல்லுது. சரி மேடம். நான் இன்னா செய்யணும்?"

"டேப்பை மாத்தணும்."

"அத்த அதுவே சொல்ட்டுமே. மணியடிச்சு கூப்ட்டுட்டு, வந்து நின்னா வாயத் தொறக்காம முழிச்சிக்கினு இருந்தா எப்டி?"

நியாயந்தான். மூன்று போடுகிறவர்கள் 'ஆபரேட்டர் செய்ய வேண்டியது' என்று இன்னொரு வரியும் கொடுத்தாக வேண்டும், அது இல்லாவிட்டால் சப்ரொட்டீன் ஏற்காது என்று மாற்றினேன். நடந்ததைச் சொல்வது ஒரு வேலை, நடந்ததற்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது வேறு வேலை. அதுவரை நாங்கள் முதல் வேலையை மட்டுமே செய்துகொண்டிருந்தோம்.

ஸ்விட்சை இறக்கியதும் அறை அமைதியானது. ஏசியின் இரைச்சலை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

3. எல்லாமே முக்கியம்

ஒரு நாள் மதியம் இயந்திர அறைக்குள் நுழைந்தால் டிங், டிங், டிங். தனபால் இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிங்குக்கும் பட்டனை அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"மணிக்குத்தான் மேடம் துணி சுத்தக் கூடாது. காதுல வச்சிக்கலாம்ல?"

ஓடிக்கொண்டிருந்தது ராகவனின் புரோகிராம். என்னோடு வேலை பார்த்த இன்னொரு புரோகிராமர், மயிலாப்பூர்தான் அவருக்கும். கெட்டிக்காரர், அது தனக்கே தெரிந்தவர். கார்டுகளைப் புரட்டினால் எல்லாவற்றிலும் மூன்று.

"என்ன ராகவன், கார்டு படிச்சதுக்குக்கூட மூணு போட்டிருக்கீங்க?"

"என் புரோகிராம்ல எல்லாமே முக்கியம் கோமதி. ஒண்ணுன்னு போட்டா யார் பார்க்கப் போறா? மத்தவா வேணா ஒண்ணு போட்டுக்கட்டும்."

அவரைப் பார்த்து மற்றவர்களும் மூன்றுக்குத் தாவினார்கள். தன் பிள்ளை அழுகையை இரண்டாம் நம்பர் என்று யார் சொல்வார்கள்? சேஷாத்ரி சார் கதவுப் பக்கம் நின்று கேட்டுவிட்டுப் போனார். தனபாலின் முகம் வாடிவிட்டது.

இரண்டு நாள் பொருமினேன். பிறகு சப்ரொட்டீனில் ஒன்றே ஒன்று சேர்த்தேன். மூன்று போட்டால் எழுதியவர் பெயரும் கொடுக்க வேண்டும். சேஷாத்ரி சாரிடம் போய் ஒரு விதிக்கு அனுமதி கேட்டேன். மணி அடித்தால், அதில் யார் பெயர் வருகிறதோ அவர் எங்கிருந்தாலும் வந்து இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். யார் வீட்டிலும் போன் கிடையாது, அதனால் ஆபீஸ் ஜீப் போய் அழைத்து வரும்.

சார் வயிறு குலுங்கச் சிரித்தார். "பேஷ். பண்ணு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராகவன் வீட்டுக்கு மாமனார் மாமியார் வந்திருந்தார்களாம். தலைவாழை இலை போட்டுப் பாயசம் பரிமாறுகிற நேரத்தில் வாசலில் ஜீப் நின்றது. மனிதர் கட்டிய வேட்டியோடு ஓடி வந்தார். டைப்ரைட்டரில் அவர் எழுதிய வரி காத்திருந்தது. 'முதல் கார்டை நல்லபடியாகப் படித்தேன். ஆபரேட்டர் செய்ய வேண்டியது: ஒன்றுமில்லை.'

"இதுக்கா என்னை இலையிலேர்ந்து எழுப்பிண்டு வந்தே? ஆத்துல எல்லாரும் என்னமோ ஏதோன்னு பயந்துண்டிருக்கா!" என்று கத்தியிருக்கிறார்.

"நீங்கதான சார் மூணு போட்டுக்கீறீங்க? ரூல்ஸ்படி ஜீப்பு அனுப்ச்சேன்" என்றாராம் தனபால், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். திங்கட்கிழமை காலை பஞ்ச் செக்‌ஷன் வாசலில் ராகவன் முதல் ஆளாக நின்றார். பின்னாலேயே மற்றவர்களும். மூன்றெல்லாம் ஒன்றாகி, அறை மறுபடி அமைதியானது. இந்தத் தடவை அமைதி நிலைத்தது.

4. வடபழனி

ரிசல்ட் வேலை தனபாலின் கல்யாணத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கார்டுகள் தாமதமாக வந்து, சரியாக முகூர்த்த நாளில் போய் விழுந்தது. தள்ளிப்போட வழியில்லை.

"நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ, மெஷினை நான் பார்த்துக்கறேன்" என்று ராகவன் தானாக முன்வந்தார். பாயசக் கோபம் ஆறியிருந்தது. ஆனால் அவர் ஆபரேட்டர் நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர். அந்தப் பழைய புரோகிராமைத் திருத்தி மூன்று போட்டிருந்தது நான். இன்றைக்கு ஒன்று தவறினால் போவது என் பேச்சு, தனபாலின் வேலை.

வடபழனியில் அன்றைக்கு ஏகப்பட்ட கல்யாணம். எங்கள் மாப்பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து, நானும் சேஷாத்ரி சாரும் உட்கார்ந்தோம். மணப்பெண் மல்லிகா தலை குனிந்திருந்தாள். நாதஸ்வரக்காரர் எங்களையே பார்த்து ஊதுவதுபோல் இருந்தது. அட்சதை கைக்கு வந்துவிட்டது. அப்போது ஜீப் டிரைவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து வந்தார்.

"மணி அடிச்சிட்ச்சு. உங்க பேரும்மா."

நான் எழுந்ததைத் தனபால் பார்த்துவிட்டார். தாலியை வாங்கப் போன கை அப்படியே நின்றது.

"மேடம், மணியா?"

"மணிதான். நான் பார்த்துக்கறேன். நீங்க தாலியைக் கட்டுங்க" என்று கத்திவிட்டு, என் அட்சதையைச் சாரின் கையில் கொட்டினேன். சார் முகத்தில் ஈயாடவில்லை. கோடம்பாக்கம், தி.நகர், சைதாப்பேட்டை என்று ஜீப் போன வழியெல்லாம் நான் முருகனைத் திட்டிக்கொண்டும் வேண்டிக்கொண்டும் போனேன்.

ராகவன் இயந்திரத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எழுத முடியலை, நிறுத்திட்டேன், டேப்பை மாத்த கோமதி வர்ற வரைக்கும் எதையும் தொடாதேன்னு போட்டிருந்தது. நான் ஒண்ணையும் தொடலை கோமதி" என்றார், சத்தியம் செய்கிற குரலில்.

அதே மாதிரி கெட்ட டேப். ஆனால் இந்தத் தடவை ஒருவர் பெயர்கூடத் தவறவில்லை. தவறுவதற்கு முன்பே இயந்திரம் நின்றுவிட்டது. புது டேப் மாட்டி, நல்ல பகுதியை அதில் நகல் எடுத்து, நின்ற கார்டிலிருந்து மறுபடி ஓட்டினோம். பொழுது சாய்வதற்குள் முடிவுகள் முழுசாக அச்சாகி வந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ராகவன் பார்க்காதவர்போல் கார்டு அடுக்கினார்.

இன்றைக்குப் புரோகிராம் எழுதுகிற பிள்ளைகள் இயந்திரம் சொல்வதை லாக் லெவல், எரர், வார்னிங் என்று தரம் பிரித்துப் பேசுவதைக் கேட்கிறேன். எல்லாவற்றையும் எரர் என்று போட்டுவிட்டு, யாருமே பார்ப்பதில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான். மணியை வைக்கும்போது, அது அடித்தால் நான் இலையிலிருந்து எழுந்து போவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால் அதற்கு மணி வேண்டாம்.

அன்று மாலை சேஷாத்ரி சார் வந்து அச்சான கடைசித் தாள்வரை பார்த்தார். சற்று நேரத்தில் மாலையும் கழுத்துமாகத் தனபாலும் மல்லிகாவும் வந்து நின்றார்கள், எனக்கும் ராகவனுக்கும் கேரியரில் கல்யாணச் சாப்பாட்டோடு. சார் டிராயரைத் திறந்து அந்த மஞ்சள் துணியை எடுத்துத் தனபால் கையில் கொடுத்தார். "இனிமே இதால மேஜையைத் தொடை. கன்பர்ம் பண்ணியாச்சு" என்றார்.

தனபால் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மல்லிகா கேட்டாள். "எங்க முகூர்த்தத்துல மேடத்தக் கூப்ட்ட மணி எது?"

தனபால் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். "இம்மாத்தூண்டா? கோயில் மணியாட்டம் இருக்கும்னு நென்ச்சேன். எங்க, ஒரு தபா அடிச்சுக் காட்டேன்."

"சும்மா அடிக்கக் கூடாது மல்லிகா. ரூல்ஸ்" என்று தனபால் என்னைப் பார்த்தார்.

நான் பஞ்ச் செக்‌ஷனுக்குப் போய் நாலு கார்டு அடித்து, சிவப்புக் கோடு போட்ட கட்டோடு சேர்த்து இயந்திரத்துக்குள் விட்டேன். மணி அடித்தது. மல்லிகா கை தட்டினாள். தனபால் குனிந்து டைப் ஆன வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'தனபாலுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆபரேட்டர் செய்ய வேண்டியது: உடனே வீட்டுக்குப் போகவும்.'

கீழே என் பெயர் இருந்தது. விதிப்படி நான் இயந்திரத்தின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.