நொச்சி காத்த கரை

குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்தபோது, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவே ஒரு சிற்றாறு வந்து விழுந்தது. இந்தக் கரையில் ஐயா, அம்மா, நான்; அந்தக் கரையில் பெரியம்மா வீட்டார், என் வயது மகளோடு. உப்பு முடிந்தால்கூட அம்மா கரையில் நின்றே கேட்பார்.

மாரிக்கு மாரி ஆறு எங்கள் வீட்டு வளவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கடித்தது. ஐயா காட்டோரத்து நொச்சியில் கம்புகள் வெட்டி வந்து கரை நீளத்துக்கு நெருக்கமாக ஊன்றினார். நொச்சிக்குச் சீராட்டு வேண்டாம். ஈரம் பட்டால் வேர் விட்டுவிடும். சில வருடங்களில் எங்கள் கரை இறுகிவிட்டது. ஐயா வருவோர் போவோருக்கெல்லாம் அதைக் காட்டினார். பெரியம்மாவுக்கும் கம்பு தருவதாகச் சொன்னார், சொன்னதோடு சரி.

அடுத்த மாரியில், மழை விட்ட ஒரு காலை, நான் நொச்சிகளுக்கிடையில் நின்று வெள்ளம் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கரையில் பெரியம்மா சோற்றுப் பானையோடு ஆற்றோரக் குசினியை விட்டு வெளியே வந்தார். முற்றத்தைத் தாண்டவில்லை, பின்னால் குசினி சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. மண்சுவரும் எரிந்துகொண்டிருந்த அடுப்பும் ஆற்றுக்குள் இறங்கின. கிடுகுக் கூரை மட்டும் புகைந்தபடி கொஞ்சத் தூரம் மிதந்து போனது. நான் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினேன்.

ஐயாவும் அம்மாவும் ஓடி வந்தார்கள். பெரியம்மா பானையைக் கீழே வைக்காமலே எங்கள் பக்கம் பார்த்து, "உங்கடை கரை நல்லா நிக்குது," என்றார். பாராட்டு என்று நினைத்து நான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா வீட்டுக்குள் போய்க் கத்தியோடு வந்து நொச்சியை வெட்டத் தொடங்கினார். கோழிக்குஞ்சைக்கூட அதட்டியறியாதவர். ஐயா தடுக்கவில்லை. குசினி விழுந்ததைவிட அதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது. ஆறு செய்ததற்குச் செடி என்ன செய்யும்?

அக்கரையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "எடியே, வெட்டாதை. உன்ரை வீடும் போனால் பேந்து நாங்கள் எங்கை வந்து படுக்கிறது?"

அம்மாவின் கை நின்றது. சேற்றிலேயே குந்தி அழுதார்.

ஒரு கரையில் தோற்ற தண்ணீர் மறு கரையைத் தின்னும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான்: பெரியம்மாவின் மகள் இனி என் பாயில் படுப்பாள். அழுகிற அம்மாவைத் தாண்டிக்கொண்டு, பாயை உதறிப் போட நான் உள்ளே ஓடினேன்.